கன்னியாகுமரி வானம், கணினித் திரையில்: வாசகர் கேள்வி – பதில்

வானம் பார்க்க உதவும் ஸ்டெல்லேரியம் (எந்த ஊர், எந்த நேரத்து வானத்தையும் திரையில் காட்டுவது) போன்ற இலவச மென்பொருள்கள் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: ஸ்டெல்லேரியம் நிறுவினேன். டிசம்பரில் அது காட்டும் சூரிய அஸ்தமன நேரம் எங்கள் ஊர் நேரத்தைவிட இருபது நிமிடம் முந்தி இருக்கிறது. ஜூன் மாதத்துக்கு மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. மென்பொருளில் பிழையா? (மார்த்தாண்டம்)

ப: மென்பொருளில் பிழை இல்லை. நீங்கள் சென்னையில் நிற்பதாக அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

முதல் தடவை திறக்கும்போது இணைய இணைப்பை வைத்து இடத்தை ஊகிக்கும் வசதி ஸ்டெல்லேரியத்தில் உண்டு. இணைய நிறுவனத்தின் கணினி சென்னையில் இருந்தால் உங்கள் இடமும் சென்னை ஆகிவிடும். மார்த்தாண்டம் சென்னைக்கு மேற்கே சுமார் 3 டிகிரி தள்ளி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 12 நிமிட வித்தியாசம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் இந்த 12 நிமிடம்தான் தெரியும். டிசம்பரில் வடக்கே இருக்கும் சென்னைக்குப் பகல் நம்மைவிடக் குறைவு. அதனால் அங்கே அஸ்தமனம் இன்னும் முந்தி, வித்தியாசம் 20 நிமிடத்தைத் தொடும். ஜூனில் சென்னையின் பகல் நீளம், அஸ்தமனம் பிந்தும், வித்தியாசம் மூன்று நான்கு நிமிடமாகச் சுருங்கிவிடும். ஜூனில் மட்டும் சோதித்துப் பார்த்திருந்தால் பிழை உங்கள் கண்ணில் பட்டிருக்காது.

சரிசெய்ய எஃப் 6 விசையை அழுத்தி இடத்துக்கான சாளரத்தைத் திறங்கள். 'நெட்வொர்க்கிலிருந்து இடத்தைப் பெறு' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அட்சரேகை 8.31 வடக்கு, தீர்க்கரேகை 77.22 கிழக்கு என்று நீங்களே நிரப்புங்கள். நாகர்கோவில் என்றால் 8.18, 77.42, கன்னியாகுமரி முனை 8.08, 77.55. பெயர் ஒன்று கொடுத்துப் பட்டியலில் சேர்த்து, 'இதையே இயல்பு இடமாக வை' என்பதை டிக் செய்யுங்கள். பலரும் இந்தக் கடைசி டிக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் திறந்தால் பழைய இடமே வந்து நிற்கும். நேர வலயம் கிரீன்விச்சுக்கு 5.30 மணி முன்பாக இருக்கிறதா என்றும் அதே சாளரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாகிவிட்டதா என்று சோதிக்கத் துருவ நட்சத்திரத்தைத் தேடுங்கள் (எஃப் 3). அதன் ஏற்றக்கோணம் (தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரம்) உங்கள் அட்சரேகைக்கு ஒட்டி, எட்டு டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். பதின்மூன்று காட்டினால் இன்னும் சென்னையில்தான் நிற்கிறீர்கள்.

கே: துருவ நட்சத்திரம் வடக்கே இருப்பதாகத் திரை காட்டுகிறது. வெளியே போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே? (பூதப்பாண்டி)

ப: கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. நம் மாவட்டத்தில் துருவ நட்சத்திரம் அந்த ஒரு முஷ்டி உயரத்துக்கும் கீழே. உங்கள் ஊரில் வடக்கே மலை, நடுவில் தென்னை. திரையில் தெரிவது ஸ்டெல்லேரியத்தோடு வரும் ஒரு பிரெஞ்சு கிராமத்தின் தட்டையான வயல்வெளி. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

உங்கள் வீட்டு மாடியின் தொடுவானத்தையே திரைக்குள் கொண்டுவர முடியும். புகைப்படம் எதுவும் வேண்டாம், இருபது முப்பது எண்கள் போதும். மாடியில் நின்று, வடக்கை 0 என்றும் கிழக்கை 90 என்றும் வைத்து, பத்துப் பதினைந்து டிகிரிக்கு ஒரு முறை, அந்தத் திசையில் மலையோ மரமோ எத்தனை டிகிரி உயரம் மறைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மலை முகடு ஏறி இறங்கும் இடங்களில் நெருக்கமாகக் குறியுங்கள். வரிக்கு ஒரு ஜோடி: முதலில் திசை, பிறகு உயரம். இதை ஒரு சாதாரண உரைக் கோப்பில் சேமியுங்கள். ஸ்டெல்லேரியம் கையேட்டில் 'பாலிகோனல்' வகை நிலக்காட்சிக்கு மாதிரி அமைப்புக் கோப்பு உண்டு. அதைப் பிரதியெடுத்து, பெயரையும் இடத்தையும் உங்கள் எண் கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். இரண்டு கோப்பையும் ஒரு ஃபோல்டரில் போட்டு ஜிப் செய்து, எஃப் 4 சாளரத்தில் நிலக்காட்சிப் பகுதிக்குப் போய் 'சேர் / நீக்கு' வழியாக நிறுவுங்கள்.

இதில் இரண்டு இடங்களில் சறுக்கும். விண்டோஸ் நோட்பேட், அமைப்புக் கோப்பின் பெயருக்குப் பின்னால் தன் பங்குக்கு ஒரு 'டாட் டிஎக்ஸ்டி' சேர்த்துவிடும். அப்போது ஸ்டெல்லேரியம் ஜிப்பை ஏற்காது. கோப்பு நீட்டிப்புகளைக் காட்டும்படி எக்ஸ்ப்ளோரரில் மாற்றிவிட்டுப் பெயரைத் திருத்துங்கள். இன்னொன்று ஃபோன் திசைகாட்டி. கான்கிரீட் மாடியின் இரும்புக் கம்பியும் தண்ணீர்த் தொட்டியின் ஸ்டாண்டும் அதைப் பத்துப் பதினைந்து டிகிரி திருப்பிவிடும். சூரியன் மறையும் இடத்தை ஒரு மரத்தோடோ டவரோடோ பொருத்தி அடையாளம் வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கான சூரியனின் திசைக்கோணத்தை (வடக்கை 0 என்று வைத்து அளப்பது) ஸ்டெல்லேரியத்தில் படியுங்கள். மற்ற எண்களை எல்லாம் அதிலிருந்து அளந்தால் திசைகாட்டியே தேவைப்படாது.

கே: அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி, 2 ஜிபி ராம். ஸ்டெல்லேரியம் திறந்தால் 'ஓப்பன்ஜிஎல் பதிப்பு போதாது' என்று சொல்லி மூடிக்கொள்கிறது. (குளச்சல்)

ப: ராம் குறைவதால் வரும் செய்தி அல்ல இது. படம் வரையும் சிப்பின் டிரைவர் பழையது என்று அர்த்தம். விண்டோஸ் தானாகப் போடும் பொது டிரைவரில் ஓப்பன்ஜிஎல் (மென்பொருள்கள் திரையில் படம் வரையப் பயன்படுத்தும் முறை) பெரும்பாலும் முழுதாக இருக்காது. கணினித் தயாரிப்பாளர் அல்லது சிப் தயாரிப்பாளர் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை எடுத்து நிறுவுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஸ்டெல்லேரியத்தின் 0.15-க்குப் பிந்தைய பழைய விண்டோஸ் பதிப்புகளில் ஒன்றை நிறுவிப் பாருங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'ஆங்கிள் மோட்', 'மெசா மோட்' என்று கூடுதலாக இரண்டு குறிகள் வரும். ஆங்கிள், ஓப்பன்ஜிஎல் வேலையை விண்டோஸின் சொந்த முறையான டைரக்ட்எக்ஸுக்கு மாற்றிக் கொடுக்கும். முதலில் அதை முயலுங்கள். மெசா எல்லாவற்றையும் பிராசஸரையே வரைய வைக்கும். ஓடும், ஆனால் மாட்டு வண்டி வேகம். 2022-இல் வந்த 1.0 முதல் பதிவிறக்கப் பக்கத்தில் க்யூடி 5, க்யூடி 6 என (உள்ளே பயன்படும் நிரல் தொகுப்பின் பதிப்பைப் பொறுத்து) இரு வகை உண்டு. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு க்யூடி 5 வகைதான்.

இதுவும் ஒத்துவரவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் 'கார்ட்ஸ் டு சியேல்' நிறுவுங்கள். பாட்ரிக் ஷெவாலே எழுதிய இலவச வான வரைபட மென்பொருள். அழகில் பின்தங்கியது, வயலும் பனிமூட்டமும் இல்லை, வெறும் வரைபடம். ஆனால் பழைய கணினியில் தடையில்லாமல் ஓடும், வெள்ளைத் தாளில் கறுப்பு நட்சத்திரங்களாக அச்செடுக்க இதை மிஞ்ச ஸ்டெல்லேரியத்தால் முடியாது. பைனாகுலரோடு வெளியே போகிறவருக்கு அந்தத் தாள்தான் உண்மையில் பயன்படும். நிலாவை மட்டும் ஆழமாகப் பார்க்க, அவரும் கிறிஸ்டியன் லெக்ராண்டும் செய்த 'வர்ச்சுவல் மூன் அட்லஸ்' இருக்கிறது. அதுவும் இலவசம்.

பதிவிறக்கத்துக்கு அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்துக்கே போங்கள். தேடலில் முதலில் வரும் 'இலவச டவுன்லோட்' தளங்கள் கூடவே வேண்டாத நாலு மென்பொருளையும் ஏற்றிவிடும். கணினிக்கான ஸ்டெல்லேரியத்துக்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஃபோனுக்கான 'பிளஸ்' பதிப்புக்கு விலை உண்டு, அது வேறு.

கே: சித்ரா பௌர்ணமி அன்று முனையில் சூரியன் மறைவதும் நிலா எழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பார்கள். கணினியில் முன்கூட்டியே பார்க்க முடியுமா? அது ஏன் அந்த ஒரு நாள் மட்டும்? (கொட்டாரம்)

ப: பார்க்கலாம். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பௌர்ணமி என்றாலே சூரியனும் நிலாவும் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கம். ஆகவே எந்தப் பௌர்ணமியிலும் ஒன்று மறையும் வேளையில் மற்றது எழும். முனையின் சிறப்பு அங்கே நின்று கிழக்கு, மேற்கு இரண்டு பக்கத் தொடுவானத்தையும் பார்க்க முடிவதுதான். சூரியன் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் மறைவதில்லை. டிசம்பர் இறுதியில் 246 டிகிரியில் (நேர் மேற்கு 270), திறந்த கடலில் மறைகிறது. ஜூன் இறுதியில் 294 டிகிரிக்குப் போய்விடும். முனையிலிருந்து குளச்சல் பக்கம் போகும் கரை அந்தத் திசையை ஒட்டியே வளைவதால் அப்போது மறைவது நிலத்தின் மேல். ஆடி மாதம் வந்துவிட்டு 'கடலில் மறையவில்லையே' என்று ஏமாறுகிறவர்கள் வருவதற்கு முன் இந்த ஒரு எண்ணைப் பார்த்திருக்கலாம்.

நேரத்தைப் பார்க்க: எஃப் 5-இல் தேதியை வையுங்கள். சூரியனைக் கிளிக் செய்தால் இடப்பக்கத் தகவலில் மறையும் நேரம் வரும், நிலாவைக் கிளிக் செய்தால் எழும் நேரம். இரண்டும் நிமிடம் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிலா ஒவ்வொரு நாளும் சராசரி 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. முழுநிலவுக் கணம் அன்று காலையே கடந்துவிட்டால், சூரியன் மறைந்து சில நிமிடம் கழித்துத்தான் நிலா வரும். காற்றுமண்டலத்தை 'ஏ' விசையால் அணைத்து வைத்திருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள். தொடுவானத்தில் ஒளி அரை டிகிரிக்கு மேல் வளைகிறது. அணைத்துவிட்டால் திரையில் சூரியன் இரண்டு நிமிடம் முந்தியே மறைந்துவிடும். கிழக்கே கடல்மட்டத்தில் புழுதியும் ஈரமும் எப்போதும் உண்டு. மென்பொருள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் சிவந்த நிலா கண்ணுக்குத் தட்டுப்படலாம்.

கே: சித்திரை முதல் நாள் சூரியன் மேஷத்தில் நுழைகிறது என்கிறது பஞ்சாங்கம். ஸ்டெல்லேரியமோ மீனத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. எது சரி? (தோவாளை)

ப: அளவுகோல் வேறு. பன்னாட்டு வானியல் கூட்டமைப்பு வகுத்த எல்லைகளின்படி விண்மீன் குழுக்கள் ஒரே அளவானவை அல்ல, கன்னி பெரிது, விருச்சிகத்தில் சூரியன் தங்குவது ஒரு வாரம்தான். ஸ்டெல்லேரியம் காட்டுவது அந்த எல்லைகளை. அதன்படி ஏப்ரல் 18, 19 வாக்கில்தான் சூரியன் மேஷத்துக்குள் போகும். பஞ்சாங்கம் சூரியப் பாதையைச் சமமாக 30 டிகிரிப் பன்னிரண்டு பங்காகப் பிரித்து, விண்மீன்களை ஆதாரமாக வைத்துத் தொடங்குகிறது. மேற்கத்திய ராசிக் கணக்கு மார்ச் சம இரவு நாளிலிருந்து தொடங்குவதால் இன்னும் சுமார் 24 டிகிரி விலகி நிற்கிறது. பூமியின் அச்சு 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி வீதம் நகர்வதால் வந்த இடைவெளி அது. எஃப் 4-இல் வானப் பண்பாடுகள் பகுதியில் இந்திய மரபைத் தேர்ந்தெடுத்தால் நட்சத்திரப் பெயர்கள் அசுவினி, பரணி என்று மாறும். முகூர்த்தம் குறிக்க மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

கே: நம் ஊரிலிருந்து தெரியும், டெல்லிக்காரர்களுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் எவை? எப்போது பார்க்க? (அகஸ்தீஸ்வரம்)

ப: உங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். அகத்தியர் நட்சத்திரம் டெல்லியிலும் தெரியும், ஆனால் தரையோடு தரையாக, ஒன்பது டிகிரிக்குள். இங்கே 29 டிகிரி ஏறுகிறது. பிப்ரவரி இரண்டாம் வாரம் இரவு ஒன்பதே கால் வாக்கில் நேர் தெற்கில் நிற்கும். தெற்குச் சிலுவையின் அடி நட்சத்திரம் டெல்லியில் எழுவதே இல்லை. இங்கே 19 டிகிரி உயரம். மே இரண்டாம் வாரம் இரவு ஒன்பதரைக்குப் பாருங்கள். அதற்குக் கிழக்கே, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதியான ஆல்ஃபா சென்டாரி. நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகம் 12 டிகிரி வரைதான் ஏறும். ஜனவரி இறுதியில், நிலா இல்லாத இரவில், தெற்கே விளக்கில்லாத கடலைப் பார்த்து நின்றால் முயலலாம். கடற்கரைச் சாலை விளக்குக்கு அடியில் நின்றால் வாய்ப்பில்லை.

திரையில் மெகல்லன் மேகம் பளிச்சென்று தெரிவதை நம்பிக் கிளம்பாதீர்கள். எஃப் 4-இல் ஒளி மாசு அளவை உங்கள் ஊருக்கேற்ப மாற்றுங்கள். நாகர்கோவில் நகரத்துக்கு 6 அல்லது 7, மலையடிவாரக் கிராமத்துக்கு 3 அல்லது 4 என்று வைத்துப் பார்த்து, வெளியே தெரியும் எண்ணிக்கையோடு ஒத்துவரும்வரை திருத்துங்கள். வெளியே மடிக்கணினியைக் கொண்டுபோவதானால் கன்ட்ரோலும் 'என்' விசையும் சேர்த்து அழுத்தினால் திரை சிவப்பாகும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது, ஒரு தடவை வெள்ளைத் திரையைப் பார்த்தால் அவ்வளவும் வீண்.

கே: 2010-இல் நாகர்கோவிலில் பார்த்த கங்கண சூரிய கிரகணத்தைப் பிள்ளைகளுக்குத் திரும்பக் காட்ட முடியுமா? (நாகர்கோவில்)

ப: தேதியை 2010 ஜனவரி 15 என்றும் நேரத்தைக் காலை 11 என்றும் வையுங்கள். சூரியனைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் விசையால் நடுவுக்குக் கொண்டுவந்து, சாய்கோடு விசையால் பெரிதாக்குங்கள். 'எல்' விசையை இரண்டு மூன்று முறை தட்டினால் நேரம் வேகமாக ஓடும். மதியம் ஒன்றேகால் வாக்கில் வளையம். 'கே' தட்டினால் இயல்பு வேகம். வளையம் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள். பிறகு எஃப் 6-இல் சென்னைக்கு மாறினால் அதே கிரகணம் கடித்த அப்பளமாகத் தெரியும். வரப்போகும் கிரகணங்களுக்கு எஃப் 10 கணிப்புச் சாளரத்தில் தனிப் பகுதி இருக்கிறது. 2031 மே 21 கங்கண கிரகணம் தென்னிந்தியாவைக் கடக்கிறது. உங்கள் தெருவுக்கு வளையம் கிடைக்குமா, பகுதி மட்டும்தானா என்று இப்போதே பார்த்துவிடலாம்.

பூமியை விட்டு வெளியே போய், நிலாவின் நிழல் தரையில் ஊர்வதைப் பார்க்க ஆசையா? அதற்குச் செலஸ்டியா. 2001-இல் கிறிஸ் லாரல் வெளியிட்டது. எண்டர் தட்டி ஆங்கிலத்தில் கோளின் பெயரை எழுதி மறுபடி எண்டர், பிறகு 'ஜி'. அங்கே போய் நிற்பீர்கள். ஸ்டெல்லேரியம் பழகிய கை இங்கே தடுமாறும். செலஸ்டியாவில் 'கே' இயல்பு வேகத்துக்குத் திருப்பாது, பத்தில் ஒன்றாகக் குறைக்கும். 'ஜே' நேரத்தைப் பின்னோக்கி ஓட்டும். எஃப் 4 உங்களை ஒளியின் வேகத்தில் செலுத்தும். சூரியனிலிருந்து பூமிக்கு அந்த வேகத்திலும் எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும், அந்த அலுப்புதான் பாடம்.

கே: ஃபோனில் எடுத்த இரவு வானப் படங்களை, பல படங்களை ஒன்றாக அடுக்கும் டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் சேர்த்தால் 'ஒரே ஒரு படம்தான் அடுக்கப்படும்' என்கிறது. நாற்பது படம் கொடுத்திருக்கிறேன். (முட்டம்)

ப: மற்ற 39 படங்களில் போதிய நட்சத்திரங்களை அதால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதிவு அமைப்பில் நட்சத்திரம் கண்டறியும் வரம்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். படத்துக்கு ஐம்பதுக்கு மேல், இருநூறுக்குள் வந்தால் நல்லது. ஆயிரக்கணக்கில் வந்தால் இரைச்சல் புள்ளியையும் நட்சத்திரமாக எண்ணுகிறது என்று பொருள். எண்ணிக்கை ஏறவே இல்லையென்றால் படத்தில் நட்சத்திரங்கள் கோடாக இழுத்திருக்கும். ஃபோனின் சாதாரண லென்ஸுக்கு (26 மிமீ இணை) 500-ஐ 26-ஆல் வகுத்தால், நட்சத்திரம் கோடாகாமல் ஒரு படம் எடுக்க ஏறத்தாழ 19 விநாடி. அதற்கு மேல் போகாதீர்கள், 15 விநாடி பாதுகாப்பு. கடலோரத்தில் இன்னொரு எதிரி உப்பு ஈரம். பத்துப் படத்துக்கு ஒரு முறை லென்ஸைத் துடைத்துப் பாருங்கள்.

ரா வடிவில் (ஃபோன் சுருக்காத மூலப் படமாக) எடுங்கள். முடிந்ததும் அதே விநாடி, அதே ஐஎஸ்ஓவில் லென்ஸை மூடிப் பத்துப் பதினைந்து கறுப்புப் படமும் எடுங்கள், கேமராவின் இரைச்சலைக் கழிக்க அவை உதவும். வீட்டுக்கு வந்து எடுத்தால் வெப்பநிலை மாறிவிடும், பலன் குறையும். நாற்பது படம் அடுக்கினால் இரைச்சல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும். நட்சத்திரங்களை வைத்து அடுக்குவதால் தென்னை மரம் கலங்கும், அது பிழை அல்ல. மரத்தைத் தனியே ஒரு படத்திலிருந்து வெட்டி ஜிம்ப்பில் ஒட்ட வேண்டியதுதான். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்குப் படம் அடுக்க சிரில் என்ற மென்பொருள் உண்டு.

கே: கணினி சும்மா இருக்கும் நேரத்தில் விண்வெளி ஆராய்ச்சிக்கு உதவலாமாமே? (தக்கலை)

ப: வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேட 1999-இல் தொடங்கிய சேட்டி அட் ஹோம் 2020 மார்ச்சோடு புதிய வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டது. பாயிங்க் என்ற இலவச மென்பொருளை நிறுவி அதே போன்ற ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில் சேரலாம். 2010-இல் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகள் வழியாக அதில் ஒரு புதிய பல்சர் (வேகமாகச் சுழலும் இறந்த விண்மீன்) பிடிபட்டது. சேருமுன் மீட்டரைப் பாருங்கள். 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரவும் பகலும் ஓடினால் நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 144 யூனிட். இலவச நூறும் போய் மேலே வரும். 'நான் பயன்படுத்தாதபோது மட்டும்' என்பதையும், பிராசஸரில் 50 சதவீதம் என்பதையும் அமைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினியில், அதுவும் கடற்காற்று அடிக்கும் வீட்டில், வேண்டாம், விசிறி தாங்காது.

கே: விண்வெளி நிலையம் நம் வீட்டுக்கு மேல் போகும் நேரம் ஸ்டெல்லேரியத்தில் தப்பாக வருகிறது. (அருமனை)

ப: செயற்கைக்கோள் செருகுநிரலில் சுற்றுப்பாதைத் தரவைப் புதுப்பியுங்கள். நிலையம் பறக்கும் உயரத்திலும் மெல்லிய காற்று அதை இழுக்கிறது, அவ்வப்போது உந்தி மேலேற்றுகிறார்கள். சில வாரப் பழைய தரவு நிமிடக் கணக்கில் தவறும். தானாகப் புதுப்பிக்கும் டிக்கைப் போட்டு, இணையத்தோடு ஒரு முறை திறந்தால் போதும். அந்தி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்திலும் விடியலுக்கு முன்பும் மட்டும் தேடுங்கள். நள்ளிரவில் அது தலைக்கு மேல் போனாலும் பூமியின் நிழலுக்குள் இருக்கும், தெரியாது.